கடனும் நன்றியும்

நம் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. அஞ்சலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தராக இருப்பவர்க்கு, வந்ததையும் சென்றதையும் எழுதி வைக்காமல் உறக்கம் வருவதில்லை. மகள் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்த நாள் முதல் அவளுக்குச் செலவான தொகை யாவும் அதில் ஏறியிருக்கின்றன. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், சீருடை, புத்தகங்கள், வேலைக்கான நேர்முகத்துக்குக் கொச்சி சென்றுவந்த செலவு ஈறாக ஒன்றும் விடுபடவில்லை.

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு முதல் வேலை உறுதியான செய்தி வந்த இரவு, வீட்டார் அனைவரும் பாயசம் உண்டு முடித்தபின், நாம் அந்நோட்டை எடுத்துவந்து கூடத்தில் அமர்ந்து உரக்கப் படித்தோம். தீய எண்ணம் ஒன்றும் இல்லை. எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறோம் என்று மகிழ்வதாகவே நாம் எண்ணிக்கொண்டோம். மகள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த நம் அன்னையார் மட்டும் இடைமறித்தார்.

“என்னய்யா இது, கங்காணி நோட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு?”

நோட்டை மூடிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் பிறந்த நமக்கு அச்சொல்லின் கனம் தெரியும். பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பெற்றோர் எந்த இடத்தில் கங்காணி ஆகிறார்கள் என்னும் வினாவை அன்று முதல் நாம் சுமந்து திரிகிறோம். அதனை அன்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டு வழக்கு மட்டுமன்று

பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றுக்கு ஆட்களைக் கிளப்பிவிடும் குணம் உண்டோ என்று எண்ணத் தோன்றும். 1866இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் விக்டோரியா கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தில் பயின்று, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்ற அக்கிரகாரத்து இளைஞர் பலர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றோரும் உண்டு. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. இன்றோ இளையோரின் பார்வை ஐரோப்பாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே செவிலியர் பலர் அந்நாட்டுக்குச் செல்கின்றனர். அவர்களிடம் மொழிப் பயிற்சிக்கும் கட்டணம் பெறுவதில்லை. நம் மகளும் அவர்களுள் ஒருத்தி.

2023ஆம் ஆண்டுக் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, இம்மாநிலத்தவருள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கணக்கிட்டது. அவர்கள் அந்த ஆண்டில் அனுப்பிய பணம் இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தொகைக்குப் பின்னால் எத்தனை இல்லங்களில் எத்தனை கணக்கு நோட்டுகள் இருக்கும்! சில காகிதத்தில் இருக்கும். பெரும்பாலானவை மனத்தில் இருக்கும்.

ஆகவே வினா இதுதான். முதல் வேலைக்காகக் கடல் கடக்கும் பிள்ளை தன்னை வளர்த்து அனுப்பியவர்க்குக் கடன்பட்டிருக்கிறதா? ஆம் எனில், அக்கடன் எவ்வளவு, என்று தீரும்? இல்லை எனில், பெற்றோரை மறந்துவிட அதற்கு உரிமை உண்டா?

கங்காணியின் முன்பணம்

இவ்வினாவுக்கு விடை காண நம் மலைக்கே செல்வோம். 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் தேயிலைக் கம்பெனி உருவாயிற்று. காட்டைத் திருத்திச் செடி நட ஆள் வேண்டும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள் திரட்டி மலையேற்றி வந்தவர் கங்காணி. அன்று போடிநாயக்கனூர் சென்னை மாகாணம். மூணாறு திருவிதாங்கூர் சமஸ்தானம். போடிப் பக்கத்து மலைப்பாதையில் கூடையும் குழந்தையுமாக ஏறிய நம் பாட்டியார், இன்னொரு மன்னரின் நாட்டுக்கு வேலை தேடித்தான் ஏறினார். கடவுச்சீட்டு இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

கடவுச்சீட்டுக்குப் பதிலாக முன்பணம் இருந்தது. ஊரில் உள்ள கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, முதல் மாத அரிசிக்கு என்று கங்காணி முன்பணம் கொடுப்பார். அது நோட்டில் ஏறும். பெருவிரல் ரேகை வாங்கப்படும். பின்னர் கூலியிலிருந்து கழிக்கப்படும். ஆனால் நோயும் திருமணமும் அரிசி விலையும் சேர்ந்து அக்கடனைத் தீரவிடுவதில்லை. இலங்கைத் தோட்டங்களில் இம்முறை இன்னும் கூர்மையாக இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமானால் அவர் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். கடனை ஏற்றுக்கொள்ளும் புதிய தோட்டம் கிடைத்தாலன்றி அவர் நகர இயலாது. 1921இல்தான் அங்குத் துண்டு முறை ஒழிந்தது.

கங்காணிக் கடனுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. கொடுத்தவர் கையிலேயே நோட்டு இருக்கும். பட்டவர்க்கு அதைப் படிக்கத் தெரியாது. முடிவு நாள் என்று ஒன்று அதில் எழுதப்பட்டிராது. இம்மூன்றையும் நம் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நோட்டு நம் கையில் இருக்கிறது. அதில் என்னென்ன ஏறும், எத்தனை ஆண்டு ஏறும் என்பது மகளுக்குத் தெரியாது. முடிவு நாளும் இல்லை. ஒன்று மட்டும் குறைந்தது: நம் பாட்டியார் வைத்த பெருவிரல் ரேகையை நம் மகள் வைக்கவில்லை. தன்னைப் பெறுமாறும் படிக்க வைக்குமாறும் அவள் எந்தத் தாளிலும் ஒப்பமிடவில்லை. அவ்வகையில் கங்காணியின் நோட்டு நம்முடையதைவிட ஒரு படி நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்துக்குச் செல்லும் செவிலியர் சிலரின் ஒப்பந்தத்தில், குறித்த காலத்துக்குள் வேலையை விட்டால் அழைத்துவந்த செலவில் ஒரு பகுதியைத் திருப்பித்தர வேண்டும் என்னும் விதி காணப்படுகிறது. அதனைக் கொடுமை என்று கண்டிப்போர் உண்டு. ஆயினும் அவ்விதியில் ஒரு தொகையும் ஒரு நாளும் எழுதப்பட்டிருக்கும். கல்விக்கடன் தந்த வங்கிகூடப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்பதில்லை. நாமோ வேலை உறுதியான அன்றிரவே நோட்டை விரித்தோம்.

இது கடன் ஆகுமா?

பெற்றோர் செய்ததைக் கடன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு விபரீதம் விளைகிறது. மிகுதியாகக் கொடுத்தவர்க்கு மிகுதியாகவும், குறைவாகக் கொடுத்தவர்க்குக் குறைவாகவும் திருப்பித்தர வேண்டும் அல்லவா? பல லட்சம் நன்கொடை கட்டி மகனை மருத்துவக் கல்லூரியில் சேர்த்த செல்வர்க்கு முதுமையில் பெரும்பங்கு உரியதாகும். கொழுந்து பறித்துக் கஞ்சி வார்த்து அரசுப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்குச் சிறு தொகையோடு கணக்கு முடிந்துவிடும். இதனை நியாயம் என்று எவரும் கூறார். நம் நெஞ்சம் இதற்கு நேர்மாறாகவே தீர்ப்புச் சொல்கிறது. ஆதலின் பிள்ளை பெற்றோரைக் காக்க வேண்டியது அவர்கள் கொடுத்த தொகையின் பொருட்டு அன்று, வேறொன்றின் பொருட்டு.

சட்டமும் இதையே உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம், தம் சம்பாத்தியத்தாலும் சொத்தாலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம் என்கிறது. ‘நீங்கள் இவனுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள், ரசீது உண்டா’ என்று அது கேட்கவில்லை. பெற்றோரின் இயலாமை ஒன்றையே கேட்கிறது.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. கடன் என்றால் அடைபட வேண்டும். அடைபட்டபின் கொடுத்தவரும் பட்டவரும் கைகூப்பிப் பிரிந்துவிடலாம். கடைக்காரர்க்கும் வாடிக்கைக்காரர்க்கும் அது சரி. மகள் பத்தாண்டு உழைத்து நம் நோட்டில் உள்ள தொகையை வட்டியுடன் எண்ணி வைத்து, ‘தீர்ந்தது அப்பா’ என்று சொல்லும் நாளை எந்தத் தந்தையாவது விரும்புவாரா? அந்த நாள் நமக்கு வரவே கூடாது. அவ்வாறாயின் நாம் கேட்பது பணத்தைத் திரும்பப் பெறுவதை அன்று. கேட்பது ஒன்று, கணக்கு எழுதுவது மற்றொன்று என்றால், கணக்கில்தான் பிழை இருக்கிறது.

மகனின் கணக்கு

பெற்றோரை மட்டும் குறைகூறி நின்றால் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டவர் ஆவோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வளைகுடா சென்று எட்டாண்டு கழித்து விடுப்பில் வந்த இளைஞர் ஒருவர், தம் தாயாரை அழைத்துக்கொண்டு நம் கவுண்டருக்கு வந்தார். தாயார் பெயரில் மாதாந்திர வருமானத் திட்டத்தில் பெருந்தொகை ஒன்றைச் செலுத்தினார். “என் கடமை முடிஞ்சது சார். இனி மாசாமாசம் வட்டி தானா அம்மா கணக்குல ஏறிடும்” என்றார். அவர் பொல்லாதவர் அல்லர். பாலைவன வெயிலில் ஈட்டிய பணத்தை முழுமையாகத் தாய்க்கு வைத்தவர். தாயார் நம்மைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “வட்டி வாங்க இவன் வந்து கையெழுத்துப் போட வேண்டாங்களா?” வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்தே போதும் என்று விதியை எடுத்துரைத்தோம். அவர் முகம் வாடியது.

அந்த மகனும் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஆனால் அது அடைத்து முடிப்பதற்கான நோட்டு. பெற்றோர் ‘நீ கடன்பட்டவன்’ என்று எத்தனை முறை சொல்கிறார்களோ அத்தனை முறை பிள்ளை அடைத்துவிட்டு விலகும் நாளை எண்ணப் பழகுகிறது. நாமே கற்பித்த கணக்கைத்தான் அவர்கள் நமக்குத் திருப்பிப் படிக்கிறார்கள்.

மூன்று வகை

இவ்வாறு எண்ணி வருகையில், நாம் ஒரே நோட்டில் எழுதிவந்தவை மூன்று வெவ்வேறு பொருள்கள் என்பது தெளிவாயிற்று.

முதலாவது, உண்மையான கடன். வங்கியில் வாங்கிய கல்விக்கடன், அடகு வைத்த நகை, உறவினரிடம் கைமாற்றாகப் பெற்றது ஆகியவை இவ்வகை. இவற்றுக்குத் தொகை உண்டு, முடிவு உண்டு. பிள்ளை புறப்படும் முன்னரே இவற்றை மறைக்காமல் அவன் முன் வைத்து, யார் எவ்வளவு அடைப்பது என்று பேசி முடித்துவிடுதல் நலம். பணத்தைப் பற்றிப் பேசுதல் அன்புக்கு இழுக்கு என்று பேசாதிருந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் குமுறுதல் பெரும்பிழை.

இரண்டாவது, கடமை. இயலாதவரை இயன்றவர் காத்தல். ‘பணம் வேண்டாம், பாசம் போதும்’ என்று சொல்வது பென்ஷன் வாங்கப் போகும் நம்போன்றோர்க்கு எளிது. தோட்டத்துத் தொழிலாளிக்கு அவ்வாறு சொல்ல இயலாது. லைன் வீடு வேலையோடு கட்டுப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோன போது, சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமையின் பொருள் மலை முழுவதற்கும் உறைத்தது. அத்தகைய வீட்டிலிருந்து செல்லும் பிள்ளை ஒரு கூரைக்காகப் பணம் அனுப்புவது அதன் கடமையே. ஆனால் அது தேவைக்கு அளிப்பது. பழைய பற்றுக்கு வரவு வைப்பது அன்று. தேவை தீர்ந்த வீட்டில் அதே தொகையை அதே அதிகாரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தால் கங்காணி திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அறிக.

மூன்றாவது, நன்றி. இதற்குத் தொகையும் இல்லை, தவணையும் இல்லை. கேட்டுப் பெறவும் இயலாது. கேட்டுப் பெற்றால் அது நன்றியாக இராது. கல்பாத்தியில் ஒரு முதியவரை அறிவோம். அவர் மகன் 1974இல் பம்பாயில் சுருக்கெழுத்தராக முதல் வேலை ஏற்று, பின்னர் அமெரிக்கா சென்று அங்கேயே தங்கிவிட்டார். சேமிப்புப் பத்திரம் தொடர்பாக அவர் இல்லம் சென்றபோது பெரியவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். மகன் பம்பாயிலிருந்து அனுப்பிய மணியார்டர்களின் கூப்பன்கள் மாத வரிசையில் நூலால் கட்டப்பட்டிருந்தன. மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதச் சிறிது இடம் விட்டிருந்த காலம் அது. மழை பெய்தது, மெஸ்ஸில் ரசம் நன்றாக இல்லை, புதிய செருப்பு வாங்கினேன் என்பன போன்ற இரண்டிரண்டு வரிகள். “பணமெல்லாம் செலவாயாச்சு. இதுதான் பாக்கி” என்றார் அவர். மகன் அந்த நாளில் எவ்வளவு அனுப்பினார் என்று கேட்டோம். அவர்க்கு நினைவில்லை.

சொல்லின் பழம்பொருள்

‘கடன்’ என்னும் நம் சொல்லே இவ்வழக்கில் நமக்குத் துணை நிற்கிறது. நேர்த்திக்கடன், நீத்தார் கடன், காலைக்கடன் என்று வழங்குகிறோம். காலைக்கடனை யாரிடம் வாங்கினோம்? கடன் என்பதற்குக் கடமை என்பதும் ஒரு பொருள். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் இச்சொல்லைக் கையாண்டு ஒவ்வொருவர்க்கும் உரியதைப் பகுத்துரைக்கிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என்று அவர் வரிசை செல்கிறது. அங்கே முதலில் தன் கடனைச் சொல்லிக்கொள்பவள் தாய். பிள்ளை தனக்கு என்ன தர வேண்டும் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனுக்கு அவள் வைக்கும் கடனும் அவளுக்குத் திருப்பித் தருவது அன்று. உலகில் அவன் செய்ய வேண்டிய வேலை. அது போர்க்களத்து வேலை. நம் மகளுக்கு அது மருத்துவமனைப் படுக்கையருகே செய்யும் வேலை. முன்பின் அறியாத ஒரு ஜெர்மன் முதியவருக்கு அவள் மருந்து கொடுக்கும்போது, நம் நோட்டில் எழுதிய செலவெல்லாம் தன் பயனை அடைந்துவிடுகிறது அல்லவா? அதை வந்து நமக்கும் கட்டு என்பது ஒரே சரக்குக்கு இருமுறை விலை கேட்பதாகும்.

இவ்வளவும் எழுதிவிட்டதால் நாம் தெளிந்துவிட்டோம் என்று அன்பர்கள் கருத வேண்டா. முதல் மாதச் சம்பளத்தில் அவள் எவ்வளவு அனுப்புவாள் என்னும் எண்ணம் இதை எழுதும்போதும் எழுகிறது. எழுந்ததும் அன்னையார் மறுநாள் காலையில் சொன்னதை நினைத்துக்கொள்கிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். பறித்த இலை நாள்தோறும் தராசில் ஏறிய பிறகே அவர் பெயருக்கு நேரே கூலி எழுதப்பட்டது. “காட்டுலதான் எல்லாத்தையும் நிறுத்து நிறுத்து வாங்குனாங்க. வீட்லயாவது நிறுக்காம இருக்க வேணாமாய்யா?” என்றார்.

வங்கிக் கடன் எழுதிய இரண்டு பக்கங்களை மட்டும் படியெடுத்து மகளிடம் கொடுத்தோம். அவற்றை இருவருமாக அடைப்பது என்று பேசிக்கொண்டோம். மற்றப் பக்கங்களை அழிக்கவில்லை. ஆவணத்தை அழிக்க எழுத்தர்க்குக் கை வராது. நோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதில் இனி எழுதுவதில்லை.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களுள் அனுப்பியவரும் உண்டு, சென்றவரும் உண்டு. அனுப்பியவர் தம் நோட்டைப் பிரித்துக் கடனையும் கடமையையும் தனித்தனியே எழுதிக்கொள்க. நன்றியை எழுதவே வேண்டா. சென்றவர், பணம் அனுப்பும் நாளில் அதனோடு இரண்டு வரியும் சேர்த்து அனுப்புக. கூப்பன் மறைந்துவிட்டது, இரண்டு வரிக்கு இடம் இன்றும் உண்டு.

அடுத்த மாதம் நெடும்பாசேரியிலிருந்து மகள் புறப்படுகிறாள். அன்னையார் தம் பழைய கம்பளியை வெயிலில் உலர்த்தி மடித்து அவள் பெட்டியில் வைத்துவிட்டார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். “அந்த ஊர்க் குளிரு நம்ம மூணாறுக் குளிரு மாதிரியான்னு போனதும் சொல்லு தாயி.”